முப்பத்தொரு நிமிடமும் ஒரு நைனாவும்

தேவகியின் மனு ஏற்கப்பட்டுவிட்டது!

சொன்னவர் பந்தய அலுவலகச் செயலர். இன்று காலை பத்தேகாலுக்கு, தொலைபேசியில். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

ஏற்கப்பட்டது மனு மட்டும்தான். கேட்டது இன்னும் கிடைக்கவில்லை.

தேவகி எங்கள் தெருக்காரர். அண்ணனூர். கணவர் முரளி பைக் மெக்கானிக். (என் ஸ்கூட்டர் மாதம் ஒருமுறை அவர் பட்டறையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.) தேவகிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கியர் சக்கரங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை வைக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு ராஜஸ்தான் மணலில் பைக் பந்தயத்துக்குப் போய்விடுவார்.

ஆறு நாள் பந்தயம். சாலை என்று ஒன்று கிடையாது. பைக்குகளும், நான்கு தடித்த சக்கரங்கள் கொண்ட ஏ.டி.வி. வண்டிகளும் ஒரே மணலில் ஓடும்.

முதல் முறை போனபோது கிளட்ச் கருகியது. இரண்டாம் முறை மணிக்கட்டு முறிந்தது. இந்த மூன்றாம் முறை ஆறு நாளும் ஓட்டி, கடைசிக் கோட்டையும் தாண்டினார்.

அனுமதித்த நேரத்தைவிடப் பதினான்கு நிமிடம் தாமதமாக!

அதனால் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று இருக்கிறது.

"பிரைஸ் இன்னாத்துக்கு சார் எனக்கு? 'முடிச்சா'ன்னு ஒரு வார்த்த. அத்த ஒருவாட்டி கண்ணால பாக்கணும். அவ்ளோதான்," என்றார் தேவகி.

"மெடல் மாட்டணும்னு மொத வருசமே ஆணி அட்சேன் சார். இப்ப அதுல கொசு பேட்டு தொங்குது," என்றார் முரளி.

தாமதத்துக்குக் காரணம் இது.

கடைசி நாள் ஒரு மணல்மேட்டின் மறுபக்கத்தில் ஏ.டி.வி. ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஓட்டி வந்தவரின் கால் அதன் அடியில். தேவகியால் வண்டியைத் தூக்க முடியவில்லை. காலுக்கு அடியில் இருந்த மணலை வெறும் கையால் தோண்டிக் காலை விடுவித்தார். மீட்புக் குழு வரும்வரை அவர் கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முப்பத்தொரு நிமிடம்.

உதவிக்கு நின்ற நேரத்தைத் திருப்பித் தர விதி இருக்கிறது. ஆனால் நிற்பவர் தன் வண்டியில் உள்ள பச்சைப் பொத்தானை அமுக்கித் தெரிவிக்க வேண்டும். தேவகி, விழுந்தவரின் வண்டியில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கி ஆள் வரவழைத்தார். தன் வண்டியின் பச்சையை மறந்துவிட்டார்.

"அத்த ஒண்ண அமுக்கினு போய் குந்தியிருக்கலாமில்ல?" என்றார் முரளி.

"ரெண்டு கையும் அவன் கழுத்துல கீது. மூக்கால அமுக்க சொல்றியா?"

மீட்புக் குழு வருவதற்குள் வேறு மூன்று பைக்குகளும் அங்கே நின்றுவிட்டன. அவசரத்தில் யார் எண்ணையும் யாரும் குறிக்கவில்லை. வண்டியில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவியில் தேவகியின் வண்டி நின்றது பதிவாகியிருக்கிறது. ஏன் நின்றது என்பது இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. காப்பாற்றப்பட்டவர் எழுதித் தர வேண்டும்.

அவர் பெயர் இசக்கிமுத்து. ஐ.டி. வேலை, தென்காசிக்காரர். குடியிருப்பது நம் அயனம்பாக்கம் ஏரியோர அடுக்ககத்தில்! (அவ்வளவு தூரம் போய்ப் பக்கத்து ஊர்க்காரரைத் தோண்டி எடுத்திருக்கிறார்.) சென்னையிலிருந்து அந்தப் பந்தயத்துக்குப் போனவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே.

சனிக்கிழமை மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். இசக்கிமுத்துவுக்குக் கழுத்தில் பட்டை, தோளில் கட்டு.

"ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. காலைல கிளம்புனது தெரியும். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி ஃபேன்தான்."

தேவகி ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்தார்.

"அதுக்கென்னக்கா, நீங்கதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். யாருக்குத் தெரியப் போவுது?"

முரளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தே விட்டார்.

"பேனாவ உள்ள வெய்யா!" என்றார் தேவகி. பிறகு இசக்கிமுத்துவிடம், "எங்க கம்பெனில அளக்காம சீல் குத்தினா ஊட்டுக்கு அனுப்சிடுவாங்கபா. நெனப்பு இல்லாதத்த எழுதாத."

எழுந்துவிட்டார். கதவருகே திரும்பி, "சரி, ஒடம்ப பாத்துக்க நைனா," என்றார்.

"அக்கா, நில்லுங்க. இப்ப என்ன சொன்னீங்க?"

"ஒடம்ப பாத்துக்கன்னேன்."

"அதில்ல, கடைசியா."

"நைனாவா?"

"அதான்! 'தூங்காத நைனா, தூங்காத நைனா'ன்னு யாரோ காதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கனவுன்னுல்லா நெனச்சேன்! எங்க ஊர்ல அப்படி யாரும் கூப்பிட மாட்டாங்க, மெட்ராஸ்லதான்."

தேவகி அப்படியே செருப்பு வைக்கும் அலமாரிமேல் உட்கார்ந்துவிட்டார்.

இசக்கிமுத்து அதை மட்டும் எழுதினார். மூன்றே வரி. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது நான். 'நைனா'வை அப்படியே நைனா என்று விட்டேன். தவறு என்னுடையதே.

இன்று செயலர் மனு ஏற்கப்பட்டதைச் சொல்லிவிட்டு ஒரு விளக்கம் கேட்டார்.

"கடிதத்தில் வரும் நைனா என்ற பெண் யார்? போட்டியாளர் பட்டியலில் அந்தப் பெயரே இல்லையே!"

(செயலர் இந்திக்காரர். அங்கே அது பெண்களின் பெயர்; நம் சென்னையில் யாரையும் உரிமையோடு கூப்பிடும் சொல்.)

"போச்சுடா! நம்ம முப்பத்தொரு நிமிசத்த அந்தப் பொண்ணு தூக்கினு பூடப் போறா!" என்றார் முரளி.

தேவகி சிரிக்கவில்லை. "அவங்களுக்கு எப்டி சார் புரிய வெக்கறது? ஒரே வார்த்ததான் கீது எங்கிட்ட," என்றார்.

ஆகவே நண்பர்களே, உங்களிடம் கேட்கிறேன். நைனாவை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? அகராதியில் பார்த்தால் 'அப்பா' என்கிறது. அப்படி எழுதினால் தேவகி தன் தகப்பனாரைக் காப்பாற்றியதாக ஆகிவிடும்!

விளக்கக் கடிதம் நாளை நண்பகலுக்குள் போக வேண்டும். நடுவர் குழு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிவு சொல்லும்.

அன்றைக்குத் தேவகி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.