வலிப்பை அனுப்பும் என்று கேட்டேன்

பெற்ற பிள்ளைக்கு வலிப்பு வரவேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டவன் நான். அன்பான சகோதர சகோதரிகளே, முகம் சுளிக்காமல் கடைசிவரை வாசியுங்கள். எனக்கு எழுபத்தாறு வயது. நின்று பேச நெஞ்சு இடம்தராது. அதனால் என் சாட்சியை எழுதித் தருகிறேன்.

என் மகள் ஜெசிந்தாவுக்கு முதல் வலிப்பு இருபத்திரண்டாம் வயதில் வந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரொக்ஸ்பரோவில், எங்கள் வீட்டுக் குசினியில் பாண் வெட்டிக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். அன்றிலிருந்து பதினொரு வருடம் கொப்பியில் குறித்தேன். திகதி, நேரம், எத்தனை செக்கன், முதல்நாள் நித்திரை கொண்டாளா. மன்னார் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவன் நான். எண்ணாமல் இருக்கத் தெரியாது. ஏழு கொப்பிகள். நானூற்றுப் பன்னிரண்டு வலிப்புகள்.

முதல் குளிசை பிடிக்கவில்லை. இரண்டாவதும் பிடிக்கவில்லை. மூன்றாவது அவளை நாள் முழுக்கத் தூங்க வைத்தது. வலிப்பு மட்டும் தூங்கவில்லை. கார்டறி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை போனது. குளியலறைக் கதவைப் பூட்ட விடமாட்டேன். பஸ்ஸில் தனியே விடமாட்டேன். வீட்டுச் சாவிகூட அவளிடம் கொடுத்ததில்லை. தனியே போகாத பிள்ளைக்குச் சாவி எதற்கு? மனைவி இறந்து நாலு வருடம். நான் கண்ணை மூடினால் இவள் விழும்போது பிடிப்பது யார்? அந்த ஒரு கணக்குக்கு எனக்கு விடை வரவில்லை. எத்தனையோ நாள், ‘ஆண்டவரே, என்னை எடுப்பதற்கு முன் அவளை எடும்’ என்றுகூட நினைத்தேன். அதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

கோவிலில் கேட்டவர்களுக்குத் தலைச்சுற்று என்றே சொல்லிவந்தேன். கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்ற பயம். அந்தப் பொய்க்கும் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

போன மாரியில் புது வைத்தியர் ஒருவர் அவளைப் பார்த்தார். இரண்டு மருந்தைச் சரியாகப் பாவித்தும் நிற்காவிட்டால் அடுத்ததில் நிற்பது அரிது, காத்திருந்து காலத்தைக் கடத்தக்கூடாது என்றுதான் இப்போதைய ஆராய்ச்சிகள் சொல்கின்றன என்றார். பழைய ஸ்கான் படங்களில் ஒன்றுமில்லை என்றிருந்தார்கள். இவர் சக்தி கூடிய இயந்திரத்தில் திரும்ப எடுப்பித்து, கணினியையும் பார்க்கவைத்தார். மூளையின் வலப்பக்கத்தில் கடுகளவு தழும்பு ஒன்று தெரிந்தது. வலிப்பு அங்கிருந்துதான் புறப்படுகிறது என்று உறுதியானால் வெட்டி எடுக்கலாம். அதற்கு ஆஸ்பத்திரியில் வைத்து, தலையில் வயர்கள் ஒட்டி, கமராவுக்கு முன் படுக்கவைத்து, மருந்தைக் குறைத்து, வலிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை சேர்த்தோம். ஆஸ்பத்திரி என்றால் ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்குவதுதானே நம் வழக்கம். செபக்குழுவை நடத்தும் றீற்றாவிடம் சொன்னேன். பத்தொன்பது வீடுகள் சேர்ந்து செபித்தன. என்ன வேண்டுதலைக் கருத்தாகக் கொடுத்தேன்? வழமைபோல, ஒன்றும் வராமல் காத்தருளும் என்றுதான். யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய் வலிப்பு வரவில்லை. புதனும் வரவில்லை. றீற்றா தொலைபேசியில் வந்தா.

“அண்ணை, பிள்ளைக்குத் தலைச்சுற்று வந்ததோ?”

“இல்லை.”

“பாத்தீங்களோ, மாதா கைவிடமாட்டா. நாங்கள் இன்னும் கூட்டிச் செபிக்கிறம்.”

தலை நிறைய வயரோடு கட்டிலில் இருந்த ஜெசிந்தா சொன்னாள்: “அப்பா, றீற்றா அன்ரியைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்கோ. பதினொரு வருசமாக் கேக்காத மாதா, இந்தக் கிழமைதான் கேக்கவேணுமோ?”

“மாதாவைப் பற்றி அப்பிடிக் கதையாதை” என்று ஏசினேன். ஆனால் அவள் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது.

வியாழன் பின்னேரம் மூன்று மணிக்கு வந்தது. சிவப்புப் பொத்தானை அமத்துங்கள், தள்ளி நில்லுங்கள் என்று மூன்று தரம் சொல்லியிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று சிறுவயதில் பார்த்த பழக்கம். தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்தேன். ஐந்து வயர்கள் கழன்றன. கமராவில் பதிந்தது என் முதுகு மட்டும்தான்.

வைத்தியர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “இதை வைத்து முடிவெடுக்க முடியாது. வெள்ளி மத்தியானம்வரைதான் கட்டில். பேந்து அடுத்த முறை வர மாதக்கணக்காகும்” என்றார். ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கீழே, ஆஸ்பத்திரியின் சின்னச் செபக்கூடத்தில் ஆறு கதிரைகள். ஒன்றில் இருந்து அழுதேன். அனுப்பும் என்ற சொல் வாயில் வரவில்லை. ஏழு தரம் தொடங்கினேன்; ஏழு தரமும் பழைய செபமே வந்தது. அப்போதுதான் விளங்கியது, இத்தனை வருடமும் அவளுக்காகக் கேட்டதில் பாதி என் பயத்துக்காகக் கேட்டது. எட்டாம் தரம் சொன்னேன்: “ஆண்டவரே, வலிப்பை அனுப்பும். என் கையைக் கட்டி வையும்.”

பிறகு றீற்றாவை அழைத்தேன்.

“றீற்றா, அது தலைச்சுற்று இல்லை. வலிப்பு. நாளைக்கு விடிய அது வரவேணும் எண்டு செபியுங்கோ.”

“அண்ணை, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டா. முழுவதையும் சொன்னேன்.

“சரி அண்ணை. எத்தினை வேணும்?”

“ஒண்டு காணும்.”

வெள்ளி காலை சாவிக்கொத்தைத் தாதியிடம் கொடுத்துவிட்டு இருந்தேன். எட்டு மணி. ஒன்பது மணி. வீட்டுக்குப் போகும் கடதாசிகள் மேசைக்கு வந்துவிட்டன. பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஜெசிந்தாவின் கண் ஓரிடத்தில் நின்றது. பொத்தானை அமத்தினேன். சுவரோடு நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். வாய் மென்றது. வலது கை போர்வையைப் பிசைந்தது. இடது கை முறுகி நீண்டது. தாதி பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தா, பதில் இல்லை. எண்பத்திரண்டு செக்கன். நானூறுக்கு மேல் எண்ணியவன், முழுமையாக ஒன்றைப் பார்த்தது அன்றுதான். மற்றவற்றை எல்லாம் அணைத்து மறைத்திருக்கிறேன்.

அந்த ஒன்றுக்காகக் கட்டிலை மூன்று நாள் நீட்டித் தந்தார்கள். மேலும் இரண்டு வந்தன. மூன்றும் அந்தக் கடுகளவு தழும்பிலிருந்தே புறப்பட்டன. வைகாசியில் சத்திரசிகிச்சை. ஐந்தரை மணித்தியாலம். வெளியே செபமாலை மணிகள் விரலில் ஒட்டிக்கொண்டன.

இன்றுடன் இருநூற்றுப் பதினாறு நாட்கள். ஒன்றும் வரவில்லை. குணம் என்று வைத்தியர் இன்னும் சொல்லவில்லை, குளிசையும் தொடர்கிறது. சில முகங்களை அடையாளம் காண அவளுக்குச் சற்று நேரமெடுக்கிறது. தன் பதிவுகளை ஆராய்ச்சிக்கு எடுக்க ஜெசிந்தா சம்மதம் கொடுத்தாள். என் ஏழு கொப்பிகளையும் பிரதி எடுத்துப் போனார்கள். எட்டாவது கொப்பி வெறுமையாகக் கிடக்கிறது. வெறும் பக்கத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லப் பழகுகிறேன்.

உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருக்கலாம். தலைச்சுற்று என்று சொல்லாதீர்கள். கையில் இரும்பு கொடுக்காதீர்கள். பக்கவாட்டாகப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அம்புலன்ஸை அழையுங்கள். வைத்தியரிடம் போங்கள். ஆண்டவரிடமும் போங்கள், ஆனால் உங்கள் பயத்தைக் கருத்தாகக் கொடுக்காதீர்கள். அவர் காட்டுவதைப் பார்க்கத் தைரியம் கேளுங்கள். தருவார். எனக்கே தந்தார்.

நேற்று ஜெசிந்தா தனியே ரயிலேறிப் போனாள். நாலு மணித்தியாலம் பதினெட்டு நிமிடம் யன்னலடியில் இருந்தேன். வாசலில் சத்தம் கேட்டதும் எழும்பிக் கதவைத் திறக்கப் போனேன். தேவையிருக்கவில்லை. சாவிக்கொத்து இப்போது அவளிடம்தான் இருக்கிறது.