தலையாட்டி வைத்த கையெழுத்து

எனக்குச் சந்தேகக் குணம் அதிகம் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். நான் பிறவியிலேயே காது கேளாதவள். நாலு பேர் கூடியிருந்து வாயசைத்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன கதை என்று கையால் கேட்டால், "பிறகு சொல்லுறன்" என்பார்கள். அந்தப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை. ஐம்பத்திரண்டு வருடம் இப்படி இருந்து பாருங்கள், உங்களுக்கும் சந்தேகம் வரும்.

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில் அப்பா விட்டுப்போன வீடு. பாதி எனக்கு, பாதி அண்ணாவுக்கு. அண்ணா குடும்பத்தோடு கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். நான் தனியாக இருந்து, காலி வீதிப் புடைவைக் கடைகளுக்குச் சாரி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ரயில் போனால் உள்ளங்காலில் தெரியும். லேனில் மற்ற வீடுகள் எல்லாம் உடைபட்டு ஃபிளாட் ஆகிவிட்டன. எங்கள் வீட்டைக் கண்வைத்துப் போகிறவர்களை நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்வைத்தவர்களில் அண்ணாவும் ஒருவர் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் காலை அண்ணா வந்து என்னைப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் கூட்டிப் போனார். அண்ணாவுக்குச் சைகை மொழி தெரியாது. சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் புழங்கும் வீட்டுச் சைகைகள் கொஞ்சம் உண்டு: சாப்பாடு, பஸ், காய்ச்சல், கோபம் மாதிரி, அவ்வளவுதான். நொத்தாரிசு சட்ட இங்கிலீஷில் இருந்த ஒரு தாளை நெடுநேரம் வாசித்தார். அண்ணா அதை 'வீடு', 'பேப்பர்', 'நல்லம்' என்று மூன்று சைகையில் முடித்தார். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். கையெழுத்தும் வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, அளவு நாடாவோடு இரண்டு பேர் முற்றத்தில் நின்றார்கள். அண்ணாவுக்கு மெசேஜ் போட்டேன். பதில் வந்தது: "வீட்டை விக்கப்போறம். உனக்கு எங்கடை வீட்டிலை ரூம் இருக்கு. உன்ரை பாதியை எனக்கு நன்கொடையா எழுதித் தந்திட்டாய் தானே. நொத்தாரிசு கேட்க ஓம் எண்டு தலையாட்டினனீ."

தைத்துக்கொண்டிருந்த பிளவுஸைக் கோணலாகத் தைத்து, பிறகு பிரித்தேன்.

முதலில் காது கேட்கிற சட்டத்தரணி ஒருவரிடம்தான் போனேன். துணைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவர் அரைமணி நேரம் அவளோடு கதைத்தார். என்னை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்து என்ன சொன்னார் என்று கேட்டேன். "பாப்பம் எண்டார்" என்றாள். அரைமணி நேரக் கதை அவள் கையில் இரண்டு சொல்லாகிவிட்டது. இவர்கள் இரண்டு பேரும் அண்ணாவின் ஆட்களோ என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

பிறகுதான் காது கேளாதோர் சங்கத்தில் ஒருத்தி, கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் நம்மைப் போலவே காது கேளாத சட்டத்தரணி ஒருத்தி இருக்கிறாள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கேளாதவளுக்குக் கேளாத சட்டத்தரணி என்றால் நீதிபதி பேசுவதை யார் கேட்பது? ஆனாலும் போனேன்.

சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் சின்ன அறை. தெஹிவளைப் பக்கத்து முஸ்லிம் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். சுவரில் இருந்த சான்றிதழை எழுத்து எழுத்தாக வாசித்தேன். எத்தனை வழக்கு வென்றீர்கள் என்று கேட்டேன். நொத்தாரிசு உங்களுக்குச் சொந்தமா என்றும் கேட்டேன். அவள் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கோர்ட்டில் சைகை மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்பாராம். பிறகு வேகமாகக் கையசைத்து ஏதோ விளக்க ஆரம்பித்தாள். பாதி பிடிபடவில்லை, நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று நிறுத்தினாள். அவள் கையால் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, இப்ப நான் என்ன சொன்னனான்?"

நான் மறுபடி சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தேன்.

"ஒரு கோழி கறுப்புக் கோட் போட்டுச் சாட்சி சொல்ல வந்தது எண்டு சொன்னனான். நீங்கள் ஓம் எண்டு தலையாட்டினீங்கள்."

முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. எழும்பிப் போகப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்து இருத்தினாள்.

"சட்டக் கல்லூரியிலை நான் முதல் வருசம் முழுக்கத் தலையாட்டினனான். ஆட்டாட்டி அவங்கள் முகம் சுளிப்பாங்கள், திருப்பிச் சொல்ல அலுப்புப் படுவாங்கள். அதுக்காகத்தானே ஆட்டுறம்? கேக்கிற ஆக்களுக்கு இது தெரியாது. இதுதான் உங்கடை வழக்கு."

எனக்கு அது பிடிக்கவில்லை. அண்ணா ஏமாற்றினார் என்று எழுதுங்கள் என்றேன். அது எனக்குச் சுலபம். விளங்காமல் விளங்கியதாக நடித்தேன் என்று சபையில் சொன்னால், இத்தனை வருடம் கட்டிக் காத்த மானம் என்னாவது?

"அவர் ஏமாத்தினாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. விளங்காமல் தலையாட்டினீங்கள், அது தெரியும்" என்றாள்.

வழக்கு பல தவணை போய், ஒருநாள் நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அண்ணா கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டத்தரணி நன்கொடை உறுதிப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்தார். தாளில் உள்ளதை எனக்கு வாசித்து விளக்கியதாகவும், நான் விளங்கிக்கொண்டதாகவும் நொத்தாரிசு அதில் எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை எனக்குக் கையால் சொல்லி முடித்துத் திரும்புவதற்குள், நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து நேரே ஏதோ கேட்டார். நல்ல முகம். நான் தலையாட்டினேன்.

மொழிபெயர்ப்பாளரின் முகம் வெளிறியது. அண்ணாவின் சட்டத்தரணி சிரித்தபடி கதிரையில் அமர்ந்தார். காது கேட்கிற ஒருவர் எனக்காக வாதாடியிருந்தால், என் வழக்கு அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் என் சட்டத்தரணி எழும்பி நின்றாள். தன் முறை வந்ததும் கையால் கேட்டாள், மொழிபெயர்ப்பாளர் அதைச் சபைக்குச் சொன்னார்.

"நீதிபதி ஐயா இப்ப உங்களிட்டை என்ன கேட்டவர்?"

இவளும் என்னை மாட்டிவிட்டாளே என்று அவளை முறைத்தேன். எல்லாக் கண்ணும் என்மேல். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், ஆயிரம் தடவை சமாளித்தவள்தானே நான். ஆனால் அவள் முகம் அசையவில்லை. கோழிக்குக் கறுப்புக் கோட் போட்ட அன்று இருந்த அதே முகம்.

"தெரியாது" என்றேன். "களைச்சுப் போனீங்களோ, கதிரையிலை இருக்கப்போறீங்களோ எண்டு கேட்டார் எண்டு நினைச்சன்."

"அப்ப ஏன் தலையாட்டினீங்கள்?"

"நான் எல்லாருக்கும் ஆட்டுவன். அண்ணாவுக்கும் ஆட்டுவன்."

நொத்தாரிசு சொன்னது விளங்கியதா என்றுதான் நீதிபதி கேட்டிருந்தார். அவர் பேனாவை எடுத்து நெடுநேரம் எழுதினார். நான் வெட்கத்தில் அழுதேன்.

தீர்ப்பு வந்த அன்று, உறுதி செல்லாது என்று என் சட்டத்தரணி கையால் சொன்னாள். நான் உடனே தலையாட்டவில்லை. இன்னொருதரம் சொல்லச் சொன்னேன், சொன்னாள். வீட்டின் பாதி மறுபடி என்னுடையது. அவளைக் கட்டிப்பிடித்தேன்.

விறாந்தையில் அண்ணா வழிமறித்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். போனில் எழுதி நீட்டினார்: "எல்லாத்துக்கும் சும்மாவோ தலையாட்டினனீ? அப்ப அம்மா செத்த அண்டு பொரளை ஆஸ்பத்திரி வாசலிலை நான் சொன்னது?"

நினைவிருந்தது. அண்ணா அழுதபடி நெடுநேரம் வாயசைத்தார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் தலையாட்டிவிட்டு, வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டுமே என்று பஸ் ஏறினேன். ஒன்பது வருடமாகிறது.

விளங்கவில்லை என்று காட்டினேன். அவர் வாய் அசைந்தது. "பிறகு சொல்லுறன்." அந்த இரண்டு சொல்லை மட்டும் எந்த உதட்டிலும் என்னால் வாசிக்க முடியும். திரும்பிப் போகப் போனவரின் சட்டையைப் பிடித்தேன். இப்ப சொல்லு என்று காட்டினேன். கோர்ட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

அவர் எழுதினார்: "அம்மா கடைசியா உன்னைத்தான் தேடினவ. கையாலை உன்ரை அடையாளத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டவ. அதைச் சொல்ல, நீ தலையாட்டிப்போட்டுப் போயிட்டாய். உனக்கு நெஞ்சிலை ஈரமில்லை எண்டு நினைச்சனான்."

என் மச்சம் இருக்கும் இடத்தைத் தன் கன்னத்தில் விரலால் தொட்டுக் காட்டுவது, அம்மா எனக்கு வைத்த அடையாளம். அண்ணா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என்னிடம் மீண்டும் எதையோ எழுதி வாங்கத்தான் இதைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். பிறகு அவர் தன் கன்னத்தில் அம்மா தொடும் அதே இடத்தை விரலால் தொட்டதைப் பார்த்தேன், விறாந்தைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.