பானைக் கதையின் கடைசிப் பக்கம்

நான் வேலை பார்த்த குழந்தைப் புத்தகப் பதிப்பகத்தில் ஒரு விநோதமான வழக்கம் இருந்தது. கதை அச்சுக்குப் போகும் முன் அதை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக் காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடும் நீதியை மட்டும் படிக்கக் கூடாது. பிள்ளைகளே அதைச் சொல்லிவிட்டால் கதை தேறியது. சொல்லாவிட்டால் பரணுக்குப் போகும். பிழை திருத்தச் சம்பளம் வாங்கிய நான், எழுத்தாளராகும் ஆசையில் எழுதிக் கொடுத்த இரண்டு கதைகள் ஏற்கெனவே பரணில் கிடந்தன. மூன்றாவதும் அங்கே போனால் இனி எழுதுகிறேன் என்று வந்து நிற்காதே என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மூன்றாவது கதை இதுதான். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையை ஒருத்தி கை தவறி உடைத்துவிடுகிறாள். அவள் அடி வாங்கக் கூடாதென்று தோழி, ஆடு முட்டி உடைந்தது என்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கடைசிப் பக்கத்தில் மூவரும் சமாதானமாகி மரத்தடியில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். உண்மை பேச வேண்டும் என்பது முதலாளி போட வைத்த நீதி. எனக்கோ பொய் சொன்னவளைத்தான் பிடிக்கும். பானையைவிட அந்தப் பெண்ணின் முதுகு பெரிது என்று நினைத்தவள் அவள்.

தொண்ணூற்றொன்றில், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம், முதலாளியும் நானும் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து ஒரகடம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். இன்று லாரியும் காரும் செய்கிற இடமெல்லாம் அன்று நெல் வயல். பள்ளிக்கூடம் ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரே ஒரு டீச்சர். வெள்ளை வேட்டியும் கண்ணாடியுமாக முதலாளியைப் பார்த்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் போட்டன. இன்ஸ்பெக்ஷன் என்று நினைத்துக்கொண்டன போலிருக்கிறது.

கதையைப் படிக்க ஆரம்பித்தேன். பானை உடைந்த இடத்துக்குக்கூட நான் வரவில்லை. "உண்மை பேச வேண்டும்" என்று வகுப்பே கோரஸாகச் சொல்லிவிட்டது. நான் முழுதும் படித்து முடித்ததும் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"போதும்மா, தேறிடிச்சி. கெளம்பலாம்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் எது சரி என்று கேட்டால் பிள்ளைகள் டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும், யாரைப் பிடிக்கும் என்று கேட்டால்தான் தங்கள் மனத்தைப் பார்க்கும் என்று எனக்கொரு சித்தாந்தம் இருந்தது. என் பொய்க்காரிக்கு யாராவது ஓட்டுப் போடுவார்களா என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குக் கால் நகரவில்லை.

"பொய் சொன்ன பொண்ணு, உண்மை சொன்ன பொண்ணு. மத்தியானம் நீங்க யார் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவீங்க?"

கோரஸ் வரவில்லை. பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தன. டீச்சர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பட்டணத்துக்காரியான நான், கேள்வி கஷ்டமாகிவிட்டது போல என்று மறுபடியும் நிதானமாகக் கேட்டேன். முன் வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"அக்கா, அந்தப் பொண்ணுங்க ஊரா, காலனியா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. ஊர்த்தெருவா சேரியா என்று கேட்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது.

"கதையில அதெல்லாம் இல்லம்மா" என்றேன்.

"ரெண்டுமே இல்லியா?"

"இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ யார் கூட வேணா குந்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடின. வராந்தாவில் ஒரு வரிசை, புங்க மரத்தடியில் ஒரு வரிசை. யாரும் யாருக்கும் இடம் காட்டவில்லை. சத்துணவு ஆயா வராந்தா வரிசைக்குப் போட்டுவிட்டு மரத்தடிக்கு வந்தார்.

"அதுங்களா அப்டி குந்திக்குதுங்கம்மா, நான் ஒண்ணும் சொல்றதில்ல" என்றார் டீச்சர், நான் கேட்காமலே.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. பொய்யா உண்மையா என்று நாங்கள் நியாயம் கேட்டுக்கொண்டிருக்க, யார் நல்லவள் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி எதுவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வரும் ரயில் தாம்பரம் தாண்டியதும் முதலாளி, "அந்தப் பொண்ணு கேட்டதை எழுத முடியாதும்மா. லைப்ரரிக்காரன் வாங்க மாட்டான்" என்றார். பிறகு, "கோரஸா சொன்னாங்க இல்ல, அது கணக்கு" என்றார். என் முதல் புத்தகம் வரப்போகிறது என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

மழைக்காலத்தில் புத்தகம் வந்தது. கதையைத் தேற்றிய பள்ளிக்கூடத்துக்குச் சில பிரதிகள் கொடுப்பதும் எங்கள் வழக்கம் என்பதால் நானே கொண்டுபோனேன். ரெட்டைப் பின்னல்காரி ஒரு பிரதியை வாங்கி, முதல் பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். மரத்தடியில் மூன்று பெண்கள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுகிற படம். கீழே கட்டத்தில் உண்மை பேசச் சொல்லும் நீதி.

அவள் நீதியைப் படிக்கவில்லை. எட்டிப் பார்த்த பக்கத்துப் பெண்ணுக்குப் படத்தின் மேல் விரல் வைத்து விளக்கினாள்.

"இதுங்களுக்கு ஊரும் கெடையாது, காலனியும் கெடையாதுடீ. அதான் ஒண்ணா குந்திகினு துண்ணுதுங்க."