ஆடு தின்ற இலத்திரன்

அன்று அத்தனை பேர் முன்னால் என் அம்மா ஏன் வாய் திறக்கவில்லை? இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. இல்லாமலே இவ்வளவு காலமும் ஓடிவிட்டது. இப்போது எனக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளால் அந்தக் கேள்வி திரும்பவும் வந்து வாசலில் நிற்கிறது.

அப்போது நான் புத்தூரில் பத்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விஞ்ஞான ரீச்சருக்கு ஆவர்த்தன அட்டவணையைச் சுவரில் தொங்கவிட்டுப் படிப்பிப்பதில் திருப்தி இல்லை. பள்ளிக்கூட விஞ்ஞான தினத்துக்கு மைதானத்துச் செம்மண்ணில் சுண்ணாம்பால் அட்டவணையைப் பெட்டி பெட்டியாகக் கீறி, முதல் இருபது மூலகங்களுக்கும் இருபது பிள்ளைகளை நிறுத்துவது என்று முடிவு செய்தார். யாரும் பெயர் எழுதிய அட்டை அணியக்கூடாது. நெஞ்சில் ஒரு மட்டை வட்டம். அது அணுவின் கரு, அதில் புரோத்தன்கள். அதைச் சுற்றிக் கம்பி வளையங்கள், அவற்றில் இலத்திரன்கள். பார்க்க வருகிறவர்கள் எண்ணிப் பார்த்து, இவள் இன்ன மூலகம் என்று கண்டுபிடித்து, கையைப் பிடித்துக் கொண்டுபோய் உரிய பெட்டியில் விட வேண்டும். எத்தனை வளையம் என்று பார்த்தால் எந்த வரிசை என்று தெரியும். கடைசி வளையத்தில் எத்தனை இலத்திரன் என்று பார்த்தால் அந்த வரிசையில் எந்த இடம் என்று தெரியும்.

நான் சோடியமாக இருக்க ஆசைப்பட்டேன். தண்ணீரில் போட்டதும் சீறிக்கொண்டு ஓடுகிற சாமான் அது. ரீச்சர் என்னை ஒருதரம் பார்த்தார்.

"நீர் ஆகன். ஆகன் வாயு ஒருத்தரோடையும் சேராது, தன்ரை பாட்டில இருக்கும். உமக்கு நல்ல பொருத்தம்."

வகுப்பே சிரித்தது. ரீச்சர் நல்லவர், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. நான் உண்மையிலேயே கூட்டத்தில் வாய் திறக்காத பிள்ளைதான். வகுப்பில் பெரிய வாய்க்காரிக்கு, எதைக் கண்டாலும் பாய்ந்து ஒட்டுகிற குளோரீன் கிடைத்தது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

என் அணுவைச் செய்தது அம்மா. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஆனால் நான் சொன்னதை ஒருதரம் கேட்டதும் பிடித்துக்கொண்டார். வேலியில் படர்ந்திருந்த குன்றிமணியைப் பிடுங்கி, ஆகனுக்கு உரிய பதினெட்டை எண்ணி மட்டையில் ஒட்டினார். அவைதான் புரோத்தன்கள். (குன்றிமணி நஞ்சு என்று இப்போது வாசித்துவிட்டு, அன்று நாங்கள் கையைக் கழுவினோமா என்று யோசிக்கிறேன்.) நியூத்திரனை ரீச்சர் விட்டுவிடச் சொல்லியிருந்தார். வளையங்களில் இரண்டு, எட்டு, எட்டு என்று பச்சைக் கடதாசி உருண்டைகள், கோதுமை மாவைக் காய்ச்சிய பசையால் ஒட்டியவை. அந்தப் பசையில்தான் வினை.

விஞ்ஞான தினத்தன்று நாங்கள் வேப்பமரத்தின் கீழ் வரிசையில் காத்து நின்றோம். பக்கவாட்டில் ஏதோ வளையத்தை இழுத்தது. திரும்பினால் பக்கத்து வளவு ஆடு. என் கடைசி வளையத்திலிருந்த ஓர் உருண்டையை உருவி, அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தது. வேறு பிள்ளை என்றால் கத்தியிருக்கும். நான் வளையத்தை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு சும்மா நின்றேன். ரீச்சரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. சொல்வதென்றால் கதைக்க வேண்டுமே.

ஒவ்வொருவராகப் பெட்டிகளுக்குப் போனார்கள். என்னிடம் யாரும் வரவில்லை. கடைசியில் நான் மட்டும் மிஞ்சியபோது, பிரதம விருந்தினராக வந்திருந்த கல்வி அதிகாரியை ரீச்சர் என் முன்னால் கூட்டி வந்தார். கயிற்றுக்கு அப்பால் பெற்றோர் கூட்டம். முன்வரிசையில் அம்மா, கையில் குடையோடு.

அதிகாரி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இரண்டு... எட்டு... ஏழு. மூண்டு வளையம், அப்ப மூண்டாவது வரிசை. கடைசியில ஏழு. பிள்ளை குளோரீன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் என்னைக் கொண்டுபோய்க் குளோரீன் பெட்டியில் விட்டார். அங்கே ஏற்கெனவே குளோரீன் நின்றாள்.

"சேர், குளோரீன் நான்! இது என்ரை பெட்டி. ஏய், அங்கால போடி."

கைதட்டல் நின்றது. அதிகாரி திரும்பவும் எண்ணினார். திரும்பவும் பதினேழுதான். ரீச்சரின் முகம் வெளிறிவிட்டது. பெரிய மனிதர் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று யார் சொல்வது? அவர் எண்ணியதில் பிழையும் இல்லையே.

"அப்ப நீர் ஆர், பிள்ளை?" என்று கேட்டார்.

நான் ஆடு கடித்த வளையத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "என்ன, பிள்ளைக்கு வாய் பேசாதோ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியும். குன்றிமணியைத் தன் கையால் ஒட்டியவர். அங்கே நின்றே 'அவள் ஆகன், சேர்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். குடைப் பட்டியின் அமுக்குப் பொத்தானைக் கழற்றினார், பூட்டினார், பிறகு மறுபடியும் கழற்றினார். வாய் மட்டும் திறக்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் எனக்குக் குரல் வந்தது என்று நினைக்கிறேன்.

"சேர்... உள்ளுக்கு எண்ணுங்கோ."

"என்ன சொன்னனீர்?"

"நடுவில. புரோத்தனை எண்ணுங்கோ. வெளியில இருக்கிறது கூடிக் குறையும். ஆள் ஆரெண்டு உள்ளுக்குத்தான் இருக்கு."

பாடப்புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன்: அணுவெண் என்பது புரோத்தன்களின் எண்ணிக்கை, மூலகம் எது என்று காட்டுவது அதுதான். ஆனால் அது என் வாயிலிருந்து என் சொல்லாக வந்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து குன்றிமணிகளை எண்ணினார். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. பதினெட்டு.

"ஆகன்!" என்று நிமிர்ந்தார். "அப்ப மற்ற இலத்திரன் எங்கை?"

"ஆடு திண்டிட்டுது, சேர்."

மைதானமே சிரித்தது. வகுப்பில் கேட்ட சிரிப்பு இல்லை இது, வேறு சிரிப்பு. ரீச்சருக்கு உயிர் திரும்பி வந்தது. "ஆகனிட்டை இருந்து இலத்திரன் பறிக்கிறது லேசில்லை, சேர். அந்த ஆடு கெட்டிக்கார ஆடுதான்" என்றார். குளோரீன்காரி என் கையைப் பிடித்து அடுத்த பெட்டிக்குள் இழுத்துவிட்டு, "வாடி, நீ எனக்குப் பக்கத்து வீடு" என்றாள். இன்றுவரை அவள் எனக்குப் பக்கத்து வீடுதான், இருப்பது வேறு ஊரில் என்றாலும்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா வளையங்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார். "ஏனம்மா நீங்கள் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்கும்போது அழுகை வந்துவிட்டது.

"நீ சொல்லீட்டாய்தானே," என்றார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "தண்ணி குடிச்சனியோ?" என்றார்.

நெடுநாள் அந்தக் கோபம் இருந்தது. பிறகு பல்கலைக்கழகத்தில் முதன்முதல் ஒரு கூட்டத்தின் முன் எழுந்து பேசிய நாளில் அது நன்றியாக மாறிவிட்டது. அம்மா தெரிந்துதான் பொறுத்திருந்தார், நான் பேசட்டும் என்று இடம் விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது. போன மாதம் சாவகச்சேரியில் மகளின் முன்பள்ளிக்குப் போயிருந்தேன். ஆசிரியை அவளுடைய பெயரைக் கேட்டார். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று என் கையைக் கவனித்தேன். என் கைப்பையின் சிப்பைத் திறந்து, மூடி, திறந்துகொண்டிருந்தது. எனக்கு வாயே வரவில்லை. அம்மாவும் அன்று அப்படித்தான் நின்றாரோ? கோயில் கூட்டத்திலும் பெற்றோர் கூட்டத்திலும் அம்மா ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பதினான்கு வயதில் எனக்கு இது விளங்கவில்லை. பேசாமல் நிற்கிற ஆள் நான் ஒருத்தி மட்டும்தான் அங்கே என்று நினைத்திருந்தேன்.

அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "உதெல்லாம் ஆருக்கு ஞாபகம் பிள்ளை," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். வேண்டுமென்று பொறுத்திருந்தாலும் சரி, வாய் வராமல் நின்றிருந்தாலும் சரி, அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியில் ஒரு குன்றிமணி அளவும் குறையாது. ஆனால் எனக்கு இப்போது அது தெரிய வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் அடுத்த மாதம் முன்பள்ளியில் வினோத உடைப் போட்டி. என் மகள் கத்தரிக்காய். மேடையில் ஏறி 'நான் கத்தரிக்காய்' என்று சொன்னால் போதும். தாய்மார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆசிரியை சொல்கிறார். "அதுக்கு நீரே கத்தரிக்காயாய் ஏறி நில்லுமன்," என்று கணவர் பகிடி பண்ணுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அவளுக்காகச் சொல்லிவிட்டால் அவளுடைய சொல்லை நான் பறித்தவளாவேனோ? நான் பேசாமல் நின்று, அவளும் பேசாமல் நின்று, கூட்டத்தில் யாராவது 'பிள்ளைக்கு வாய் பேசாதோ' என்று கேட்டுவிட்டால்? அன்று எனக்கு வயது பதினான்கு, இவளுக்கு நான்கு. எனக்கு உள்ளே எண்ணச் சொல்லத் தெரிந்திருந்தது. இவளுக்கு என்ன தெரியும்?

இதை வாசிக்கிற தாய்மாரில், மேடைக்குக் கீழே இப்படி நின்றவர்கள் இருப்பீர்கள். தயவுசெய்து எழுதுங்கள். பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கிற அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? பேசாமல் நின்றவர்கள் என்றால் இன்னும் ஒன்று: உங்கள் கைகளை எங்கே வைத்துக்கொண்டீர்கள்?