எக்ஸ்ரேயும் எச்சிலும்

எண்பதுகளில் அரூரில் எடுத்த எக்ஸ்ரேயில் என் நெஞ்சில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்களோ காசநோய்க் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எதை நம்புவது என்று புரியவில்லை. கைக்குழந்தையைத் தூக்கலாமா, கூடாதா?

"ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் தெரியும். சளியை எப்படிக் குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

வரிசையில் பெண்கள் நின்றதால் காறித் துப்பக் கூச்சப்பட்டு, வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்ததைச் சொன்னேன்.

"அட, எச்சில்ல என்னத்தங்க பாக்கறது? நாளைக்குக் காலையில நல்லா இருமி எடுத்துக்கிட்டு வாங்க," என்று சிரித்தார்.

வீட்டில் மனைவி குழந்தையை நீட்டினாள். "கிருமி இல்லைன்னு எழுதியிருக்குதுங்களே!"

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர்கள் பார்த்தது எச்சிலைத்தான் என்று அவளிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது. நோய் இருக்கிறதா என்பது எனக்கே தெரியவில்லை.