கழித்துப் போட்ட எதிரொலி

அறைக்குள் காலை வைக்குமுன் நாக்கால் ‘டொக்’கென்று ஒரு தட்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “எதிர்ச் சுவர் நாலு மீட்டர்.” வௌவால் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் தினமும் இப்படித்தான் உள்ளே வருவார். சொல்லும் அளவு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. அடுத்து, தோள்பையிலிருந்து எவர்சில்வர் ஃபிளாஸ்க் வெளியே வரும். மூன்று வாரத்துக்கு முன் கணினி மேல் டீயைக் கொட்டியதிலிருந்து அதற்கு வௌவால் மேடையின் இடப்பக்க ஸ்டூல்தான் இடம். வௌவால்களுக்குத் தீனி வைக்கும் அக்காவுக்கு இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

மேடையில் உட்கார்ந்து வௌவால் குட்டி கத்தும். நம் காதுக்கு எட்டாத கத்தல். இடம், வலம் இரண்டு பந்துகள். எதிரொலியைக் கேட்டு, கிட்டே இருக்கும் பந்தின் பக்கம் அது நகர வேண்டும். நகர்ந்தால் ஒரு புழு. பந்துகளை ஒவ்வொரு தடவையும் தள்ளித் தள்ளி வைப்பார்கள். ஆகவே, இடம் மாறாமல் வரும் எதிரொலியெல்லாம் சுவர், மேசை என்று கணினியில் கழித்துக் கட்டிவிடுவது சாரின் வழக்கம்.

மூன்று வாரமாகக் குட்டி இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது.

“இதுக்குக் காது போச்சும்மா. திங்கக்கிழமை வேற எங்கயாவது அனுப்பிடலாம்.”

சொட்டுச் சொட்டாகப் பால் ஊட்டி அதை வளர்த்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு படித்த மனிதருக்கு இது கூடவா தெரியாது?

“இருட்டுல கொசுவப் பிடிக்கிற ஜீவன் சார். அதுக்கா காது போச்சு?”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா.”

“அதை நீங்க முழுசாப் பேச விட்டாத்தானே? கழிச்சுப் போட்டதையும் ஒரு தடவை காட்டுங்க.”

“உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு” என்று முனகிக்கொண்டே விசையைத் தட்டினார். திரையில், இரண்டு பந்துகளின் எதிரொலிக் கோடுகளுக்கும் முன்னால், நாற்பது சென்டிமீட்டரில் இன்னொரு கோடு நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது.

அக்கா அளவு நாடாவின் ஒரு முனையை மேடையில் வைத்து, இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே போனாள். நாற்பதில் நாடா ஃபிளாஸ்கின் வயிற்றில் போய் முட்டியது.

“சார், இதத்தான் குட்டி மூணு வாரமாச் சொல்லிட்டிருக்கு.”

சார் ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்தார். திரும்பி உள்ளே வரும்போது நாக்கைத் தட்டவில்லை. புழு என்றாலே பத்தடி தள்ளி நிற்கிறவர், டப்பாவைத் திறந்தார். இடுக்கியைக்கூடத் தேடாமல், நெளிகிற ஒன்றை விரலால் எடுத்துக் குட்டியின் வாயருகே நீட்டினார்.