ஜசீரா துளைத்த சுண்ணாம்புக் கல்

அராருவாமா என்ற ஊரில் ஒரு பல் டாக்டரிடம் இருபத்திரண்டு வருஷம் பல்செட் தேய்த்துக் கொடுத்தவள் ஜசீரா. டாக்டர் ஓய்வுபெற்றதும் வேலை போயிற்று. உப்பு ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவ ஆள் கேட்டார்கள், போய்ச் சேர்ந்தாள்.

அங்கே எவாந்த்ரோ என்ற ஆராய்ச்சியாளர், ஏரிப்படுகையில் எடுத்த சுண்ணாம்புக் கல்லைத் துளைத்துப் பொடி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது பல் துளைக்கும் அதே கருவி. மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இப்படி அழுத்தினா நோயாளி எழுந்து ஓடிடுவான், டாக்டர். இங்க குடுங்க."

அன்றிலிருந்து துளைப்பது அவள் வேலையானது. மனுஷன் பல் தீர்ந்துபோய் இப்போது மலைக்குப் பல் பார்க்கிறாள் என்று அவள் கணவன் அடில்சன் கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான்.

பொடியை இயந்திரத்தில் வைத்து ஐசோடோப்பு அளப்பார் எவாந்த்ரோ. ஆக்சிஜன் அணுக்களில் கனமானதும் உண்டு, இலேசானதும் உண்டு. வெயிலில் ஏரி வற்றும்போது இலேசானது முந்திக்கொண்டு ஆவியாகும். கனமானது தண்ணீரில் தங்கி, அதில் விளையும் கல்லிலும் ஏறிக்கொள்ளும். மழைநீரில் விளைந்த கல்லிலோ இலேசானதுதான் அதிகம் இருக்கும். காபி குடிக்கிற நேரங்களில் இதையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

ஒரு கல் மட்டும் அவரைப் படுத்தி எடுத்தது. ஒரே அடுக்கில் எண்கள் தாறுமாறாக வந்தன. இயந்திரம்தான் கெட்டுவிட்டதென்று இரண்டு நாள் கழற்றி மாட்டினார். கடைசியில் ஒரு திருகாணி மிஞ்சியது. ஜசீரா கல்லை எடுத்துப்போய் ஜன்னலோரம் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். மஞ்சள் கல்லுக்குள் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள், ஊசிமுனை அகலம்.

"மெஷின் மேல தப்பில்ல, டாக்டர். சொத்தைப் பல்லை அடைச்ச மாதிரி இருக்கு. முதல்ல ஓட்டை விழுந்து, அப்புறமா வேற ஏதோ ரொம்பியிருக்கு. நான்தான் ரெண்டையும் சேர்த்துத் துளைச்சிட்டேன்."

"அவ்வளவு சின்ன இடத்துல தனியா எடுக்க முடியுமா, ஜசீரா அம்மா?"

"பல்லிடுக்கைத் தேய்ச்ச கை இது. முடியும்."

நான்கு நாளில் அறுபத்தொரு குப்பி நிரப்பினாள். அளந்த எண்களை வரைபடத்தில் குறித்தபோது புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தன. மஞ்சள், வற்றும் உப்புத் தண்ணீரில் விளைந்தது. வெள்ளை, வெகுகாலம் கழித்து மழைநீர் உள்ளே இறங்கி அடைத்தது. எவாந்த்ரோ பக்கத்து அறைக்காரர்களையெல்லாம் இழுத்துவந்து காட்டினார். ஜசீரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் நின்றாள்.

அந்தக் கல்லைப் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரையில், எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவதாக அவள் பெயர் வந்தது. அடில்சன் அந்தப் பக்கத்தைத் தன் மீன்கடைச் சுவரில் ஒட்டினான். அதிலிருந்த கல்லின் படத்தைப் பார்த்தவர்கள், இது எந்த ஊர்ப் பாலாடைக்கட்டி என்று கேட்டார்கள்.